இடுப்பில் துப்பாக்கி இருந்தால் பயமில்லையா?

திருவண்ணாமலையில் நிலம் வாங்கி விற்பவர்களும் நகைக்கடை, லாட்ஜ் நடத்துபவர்களும் கூடிப் பேசினால் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. “பணம் புழங்குகிற ஊர், யார் யாரோ வந்து போகிற ஊர். கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கி, கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டால் பயமில்லை.” அவர்களுடைய பயம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அவர்கள் தேடும் மருந்து தவறானது.

அவர்கள் முதலில் எடுத்துப் போடும் உதாரணம் 2023 பிப்ரவரி 12. அன்று விடிவதற்குள் திருவண்ணாமலை, போளூர், கலசப்பாக்கம் பகுதிகளில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் வெட்டி, 70 லட்சத்துக்கும் மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். “யாராவது துப்பாக்கியோடு இருந்திருந்தால்?” என்கிறார்கள். அந்த நேரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். உடைக்கப்பட்டவை ஆளில்லாத அறைகள். விழித்து ஓடிவந்து சுட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தற்காப்பு உரிமையிலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பதே சட்டம். தப்பி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு, வங்கிப் பணத்தைக் காப்பாற்றினேன் என்று அவர் கோர்ட்டில் நின்று விளக்க வேண்டியிருக்கும். அந்தக் கும்பலைப் பிடித்தது ஹரியானா வரை போன தனிப்படைகள்தான். ஏடிஎம்முக்கு வேண்டியது இரவுக் காவலாளியும் அலாரமும். அதை வங்கிகளிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது, “லைசென்ஸ் வாங்கிய நல்ல மனிதர் கையில் இருந்தால் ஆபத்தில்லை” என்பது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2024 அக்டோபர் 1 அதிகாலை, மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா கொல்கத்தா விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் உள்ள தன் சொந்த ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது கை நழுவிக் கீழே விழுந்தது. குண்டு அவருடைய இடது காலில் பாய்ந்தது. எதிரே திருடன் இல்லை, சண்டை இல்லை. ஊருக்குப் போகும் அவசரம் மட்டும்தான்.

இது எப்படி நடக்கும் என்று துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய அமைப்பிலான பல ரிவால்வர்களில், பின்னால் இருக்கும் சுத்தியல் நேராகத் தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும். அந்தச் சுத்தியல் தரையில் மோதினாலே போதும், வெடித்துவிடும். அதனால்தான் பழகியவர்கள் ஆறு தோட்டா போடும் உருளையில் ஐந்து மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விடுவார்கள். பிஸ்டலில் வேறு ஆபத்து. மேகசினைக் கழற்றியதும் காலியாகிவிட்டது என்று நினைத்துத் துடைக்க உட்காருவார்கள். குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கும். 2016 ஆயுத விதிகள் பயிற்சிச் சான்றிதழ் கேட்பது இதற்காகத்தான். அந்தச் சான்றிதழை மனுவோடு வைக்கும் காகிதமாக மட்டும் பார்ப்பவருக்கு லைசென்ஸ் தரவே கூடாது என்பேன்.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியை வாங்குவது முகம் தெரியாத திருடனை நினைத்து. குண்டு பாய்வது பல நேரம் தெரிந்தவர் மேல். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டது அந்நியர் சண்டையில் அல்ல. பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள், ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் அதன் பிறகு பழையபடி திரும்பவே இல்லை. கோபம் வந்த நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

“பௌர்ணமிக் கூட்டத்தில் கையில் இருந்தால் தைரியம்” என்கிறார்கள் சிலர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவிலா? பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், எடுத்து ஆட்டிக் காட்டவே கூடாது என்பது விதி. சரி, உறையிலேயே இருக்கட்டும். தள்ளுமுள்ளில் அந்த இடுப்பை இடித்துக்கொண்டு போகிற ஆயிரம் கைகளில் ஒரு கை அதை உருவாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? சுட்டால் அந்தக் குண்டு குறிவைத்தவரோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது? அண்ணாமலையார் சந்நிதிக்குள் போகும்போது அதை எங்கே வைப்பீர்கள்? காரிலா, லாட்ஜ் அறையிலா? பூட்டிய காரை உடைக்கிறவன் கையில் அப்புறம் உங்கள் துப்பாக்கி இருக்கும்.

“லைசென்ஸ் எங்கள் உரிமை, அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள்” என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவைப் போல நம் அரசியல் சட்டத்தில் ஆயுதம் ஏந்தும் உரிமை இல்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2016 கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேல் துப்பாக்கி லைசென்ஸ்கள். தமிழ்நாட்டில் 22,000 சொச்சம். பயமில்லாமல் வாழும் ஊர் எது என்று இரண்டு மாநிலத்தையும் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

ஜவ்வாது மலையடிவார விவசாயியின் வாதம் மட்டும் வேறு மாதிரி. நிலக்கடலையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிட்டுப் போனால் அந்த வருஷக் கடன் அப்படியே நிற்கும். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கைத்துப்பாக்கி பன்றிக்கு உதவாது. மருந்தும் ரவையும் குழல் வாய் வழியாகத் திணித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியோ, இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுடவைக்கும். சில நேரம் குழலே வெடித்துச் சுட்டவரின் விரல்களைக் கொண்டுபோகும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சொல்லியிருக்கிறது. அந்த ஏற்பாடு தன் கிராமத்துக்கு வந்துசேரும்வரை விவசாயி விடாமல் கேட்க வேண்டும். இழப்பீட்டையும் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். தோட்டா அறையைப் பின்பக்கமாகத் திறந்து விரல் விட்டும் பாருங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. குடித்திருக்கும்போது தொடாதீர்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வெளியே எடுத்து வராதீர்கள். கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா, இனி அது தேவைப்படவில்லையா? காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.