கண்ணுக்கு உரியது

நாள் முழுவதும் கணிப்பொறித் திரைமுன் உழைப்பவரின் பார்வை குன்றினால், கண்ணாடிக்குப் பணம் தர வேண்டியவர் யார்?

ருமேனிய நாட்டு அரசு ஊழியர் ஒருவர் இக்கேள்வியை எழுப்பினார். கண்ணாடிக்குச் செலவிட்ட 2,629 லெய் பணத்தைத் தம் அலுவலகத்திடம் கேட்டார், அலுவலகம் மறுத்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. திரைமுன் உழைப்போரின் கண் பரிசோதனையும், அவ்வேலைக்குத் தேவைப்படும் தனிக் கண்ணாடியும் தொழிலாளியின் செலவாதல் கூடாது என்பது அங்கே 1990ஆம் ஆண்டின் சட்டநெறி. அதற்கிணங்க, 2022 டிசம்பர் 22 அன்று நீதிமன்றம் தீர்ப்புரைத்தது: முதலாளி கண்ணாடியை நேரே தரலாம், அல்லது அதன் செலவைத் திருப்பித் தரலாம்; சம்பளத்தோடு பொதுவாகச் சேர்த்துத் தரும் படி அக்கடமையைத் தீர்க்காது.

இதன் நியாயத்தைக் குடும்பங்களாகிய நாம் அறிவோம். சம்பளத்தோடு கலந்த பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குப் போகும். தந்தையின் கண்ணுக்குப் போகாது.

தொழிலாளர்க்கு மருத்துவ உதவி எளிதாகவும், இயன்றவரை இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். இது தயவன்று, நீதி. நம் கடையிலும் அலுவலகத்திலும் திரைமுன் அமர்ந்திருப்போரின் கண் நலத்தை, அவர்கள் கேட்குமுன் நாமே விசாரிப்போமாக.