ஓட்டுக்கு விலை, பேச்சுக்குப் பூட்டு



1989-ல் நம் அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைத்தது. அதனால்தான் பாலிடெக்னிக் முடிக்கும் முன்பே நம்மில் பலர் பையில் வாக்காளர் அட்டை இருக்கிறது. எனக்கும் வந்துவிட்டது. எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். அட்டையைப் பார்த்த அப்பா, "படிச்சவன் நீ, யோசிச்சுப் போடுப்பா" என்றார். யோசித்துப் பார்த்தால், யாருக்குப் போடுவது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. போட்டி நியாயமாக நடக்கிறதா?

என் ஊர் திருவண்ணாமலை. உடனே கிரிவலத்தை நினைத்துவிடாதீர்கள்! இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிறார், புரட்டாசி சனிக்கிழமை கூட்டம் தாங்காது. தேர்தல் வந்தாலும் கூட்டம்தான். பெரிய கட்சி வேட்பாளர் என்றால் வரிசையாக வண்டிகள், வேட்டுச் சத்தம், ஆரத்தித் தட்டில் நோட்டு. சுயேச்சை வேட்பாளர் என்றால் ஒரு ஆட்டோ, ஒரு மைக். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுரிமையைத்தான் தந்திருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் எங்க பாட்டி காதில் விழுவது யாருடைய பேச்சு?

நான் மின்னியல் மாணவன், அதனால் என் பாஷையில் சொல்கிறேன். ஒரே லைனில் ஒருத்தர் பெரிய மோட்டாரைப் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு மங்கிவிடும். அந்த வீட்டு இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை, கரண்டு பில்லும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வெளிச்சம் இல்லை. பணமில்லாத வேட்பாளரின் பேச்சுரிமையும் இப்படித்தான் மங்குகிறது.

சட்டம் சும்மா இருக்கிறதா? இல்லை. 2022 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி, நம் மாநிலத்தில் நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் 95 லட்சமும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும் செலவு செய்யலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்கு இல்லை. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் செய்துவிட்டார்கள். பின்னால் 2003-ல் இந்தச் சட்டம் மறுபடி மாறியது. ஆனாலும் கட்சியின் பொதுப் பிரசாரத்துக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணத்துக்கும் ஆகும் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறுவதில்லை. முன் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்!

"செலவு செய்யாதே என்றால் பேசாதே என்று ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதை வெறும் விதண்டாவாதம் என்று தள்ள முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லும் 2010-லும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. தேர்தல் செலவுக்குக் கட்டுப்பாடு வைத்தால் அது பேச்சுரிமைக்கு வைக்கும் கட்டுப்பாடு என்றது. 2010 தீர்ப்புக்குப் பிறகு அங்கே கம்பெனிகள் வேட்பாளரோடு சேராமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று ஆனது. இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே கட்சிக்கும் செலவு வரம்பு உண்டு. டி.வி.யில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போடவும் முடியாது. அதனால் அங்கே பேச்சுரிமை செத்தா போய்விட்டது? நம்ம ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறோம். அது யார் வாயையும் அடைப்பது ஆகாது. மற்றவரும் காது கொடுக்கிற மாதிரி பேசு என்பதுதான் அதன் பொருள்.

பேச்சுரிமைக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. அது கேட்கிறவனின் உரிமை, தெரிந்துகொள்ளும் உரிமை. 2018-ல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். அவர்கள் காட்டிய காரணம் அதே 19-வது பிரிவுதான். யார் காசில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் போடும் ஓட்டு, கண்ணைக் கட்டிப் போடும் ஓட்டு.

இனி நம்ம பக்கத்து சமாச்சாரத்துக்கு வருவோம். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது திருமங்கலம். 2009 ஜனவரியில் அங்கே நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கே 'திருமங்கலம் பார்முலா' என்று பெயர் விழுந்துவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று பணத்தால் தேர்தலே நிறுத்தப்பட்ட தொகுதிகளின் பட்டியல் நம் தமிழ்நாட்டில்தான் நீள்கிறது.

பணம் வாங்கும் ஏழையைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூலியில் வளர்ந்தவன் நான். ஐந்நூறு ரூபாய் என்றால் எங்க வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கவர் வந்த பிறகு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். கோடையில் எங்க தெருப் பெண்கள் தண்ணீர் வரவில்லை என்று கேட்கப் போனார்கள். ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "சும்மாவா ஓட்டுப் போட்டீங்க? அதான் கொடுத்தாச்சுல்ல" என்றார். அம்மா பதில் பேசாமல் குடத்தோடு திரும்பி வந்தார்கள். நண்பர்களே, அந்த ஐந்நூறு ரூபாயில் வாங்கியது ஓட்டை மட்டும் அல்ல. ஐந்து வருஷத்துக்குக் கேள்வி கேட்கும் வாயையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். செலவு செய்பவன் குரல் ஒலிபெருக்கியில் ஏறுகிறது, ஓட்டுப் போடுபவன் குரல் கவரில் ஒட்டப்படுகிறது. நான் சொல்ல வந்த அநியாயம் இதுதான்.

இந்த மண்ணின் ஓட்டுக்கு என்ன பலம் தெரியுமா? ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் தோற்றார். 1967-ல் விருதுநகரில் பெருந்தலைவர் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அந்த முடிவுகள் சரியா தப்பா என்பது வேறு விவாதம். எவ்வளவு பெரிய மனிதரும் ஓட்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பலத்தையா ஒரு கவருக்குக் கொடுப்பது?

என்ன செய்யலாம்? கட்சிச் செலவுக்கும் வரம்பு வேண்டும். நன்கொடை கொடுத்தவர் பெயர் தேர்தலுக்கு முன்பே வெளியே வர வேண்டும். இது நாடாளுமன்றத்தின் வேலை. நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. 2006-ல் லிங்டோ கமிட்டி மாணவர் தேர்தலுக்கு விதிகள் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஒரு வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். கட்சிப் பணம் கூடாது. முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். நாட்டுத் தேர்தலில் இல்லாத நியாயம் மாணவர் தேர்தலுக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது!

அதை நம்ம மன்றத் தேர்தலில் முழுசாகக் கடைப்பிடிப்போம். கூடவே ஒன்று சேர்ப்போம். எல்லா வேட்பாளரும் ஒரே மேடையில், ஆளுக்குப் பத்து நிமிஷம், ஒரே மைக்கில் பேசட்டும். பிறகு முதலாம் ஆண்டு மாணவன்கூட எழுந்து கேள்வி கேட்கட்டும். டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்து ஓட்டுக் கேட்கும் பழக்கத்தை இந்த வருஷத்தோடு நிறுத்துவோம். இருபது ரூபாய் டீக்கு வாயை மூடப் பழகுகிறவன் நாளைக்கு ஐந்நூறுக்கும் மூடுவான். டீக்கடையில் தன் காசைத் தானே கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பவன் நாளைக்குத் தெருவிலும் கேட்பான்.

கேட்கப் பழகுவோம் நண்பர்களே! அதற்குத்தானே படிக்க வந்தோம்?

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை