மனிதரை மறித்தார்கள், கன்றை விட்டார்கள்!

இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் முன்னோரை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். நோய் உண்டா என்று உடம்பைச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். கூலிக்காரன் உடம்பின் மேல் அவ்வளவு சந்தேகம்!

ஆனால் 1940ஆம் ஆண்டை ஒட்டி, அதே இலங்கையிலிருந்து வாழைக்கன்றோடு முடிக்கொத்து நோய் கேரளத்துக்குள் நுழைந்தது. அதை எவரும் மறிக்கவில்லை.

விளைவு என்ன? 1970களில் பழனி மலைச்சரிவுகளில் விருப்பாட்சி வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி பாழானது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் கொடுத்த பழம் அது. தோட்டக்காரருக்கு நட்டம், களை எடுத்தவருக்கும் தார் சுமந்தவருக்கும் வேலையே போயிற்று. ஊரில் வேலை போனால் எங்கே வருவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இந்த வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. நோயுள்ள கன்று பார்வைக்கு நல்ல கன்றாகவே இருக்கலாம். பின்னால்தான் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாகக் கூடும். அசுவினிப் பூச்சி அதை அடுத்த மரத்துக்குக் கொண்டு போகும். ஆகவே வெளிநாட்டுக் கன்றையும் விதையையும் கண்ணால் பார்த்து அனுப்பினால் போதாது. ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். தேவையானால் தனியிடத்தில் வளர்த்துப் பார்த்த பிறகே வெளியே விட வேண்டும்.

"இத்தனை சோதனை வைத்தால் நல்ல ரகம் உழவனுக்கு எப்போது வந்து சேரும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் வரை பரவியதே! அதை ஒழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, காப்பில் வைத்துச் சோதித்து, 2022இல் வயலில் விட்டார்கள். மருந்தாக வந்த குளவி சோதனைக்கு நின்றது; நோயாக வந்த பூச்சி நிற்கவில்லை. முன்னதைவிடப் பின்னதற்கல்லவா காவல் வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1914இலேயே சட்டம் வந்தது. 2003இல் இறக்குமதிக்கென்று தனி ஆணையும் வந்தது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் போதிய ஆய்வாளரும் ஆய்வுக்கூடமும் இல்லையென்றால் சட்டம் வெறும் காகிதமே. அவற்றைக் கொடு என்று அரசைக் கேட்பது உழவரின் வேலை மட்டுமல்ல, நம் வேலையும்தான்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் நம் பிள்ளைகள் ஆசைக்கு ஒரு கன்றைப் பெட்டியில் மறைத்து எடுத்து வரக்கூடாது. அந்த ஒரு கன்று ஓர் ஊரின் பிழைப்பையே கெடுக்கும். ஊரில் பிழைப்பு கெட்டதால் வெளியேறியவர்கள் நாம். அதற்கு நாமே காரணமாகலாமா?