புகைமூட்டமும் ஒரு பாடம்தான்

2015இல் புகைமூட்டத்தால் நெகிரி செம்பிலானில் பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் எவ்வளவு புகை என்று எல்லாரும் கேட்டோம். அந்தத் துகள்கள் எவ்வளவு பெரியவை என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருக்க வேண்டும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. அவற்றை நம் நாட்டின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 2018இல்தான் கணக்கில் சேர்த்தது.

கண்ணுக்குத் தெரியாத துகளை எப்படி அளப்பது? அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. கையடக்கக் காற்றுமானிகள் பலவும் சிதறும் ஒளியைத்தான் அளக்கின்றன. மனிதன் போகாத இடத்துப் புகைமூட்டத்துக்கும் இதே வழிதான்.

சனிக் கோளின் பெரிய நிலவான டைட்டனை எப்போதும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் மூடியிருக்கிறது. 1979இல் பயோனியர் 11 விண்கலம் பார்த்தபோது, பக்கவாட்டில் சிதறிய ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்ந்தது. அப்படியானால் துகள்கள் மிகச் சிறியவை. அடுத்துச் சென்ற வாயேஜர் கலங்களோ, ஒளி முன்னோக்கியே பலமாகச் சிதறுவதைக் கண்டன. அது பெரிய துகள்களின் அடையாளம். எது சரி? இரண்டும்தான்! சின்னஞ்சிறு மணிகள் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக மிதக்கின்றன. 2005 ஜனவரி 14இல் டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் கலத்தின் அளவீடுகளின்படி ஒரு மணியின் ஆரம் சுமார் 0.05 மைக்ரோமீட்டர், ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான மணிகள்.

காற்றுமண்டலத்தில் ஒளி மீண்டும் மீண்டும் சிதறுவதைக் கணக்கிட வழி காட்டியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அதைப் பற்றிய அவருடைய நூல் 1950இல் வந்தது.

நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, "தோட்டத்துப் பிள்ளைக்கு இயற்பியல் எதற்கு, எஸ்.பி.எம்.மில் சுலபமானதை எடு" என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்க்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. புகையைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் சொந்தம்.

மாணவர்களே, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு துளி ரப்பர் பாலை விட்டுக் கலக்குங்கள். பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் இல்லையென்றால் பசும்பால் போதும். அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கை அடியுங்கள். ஒளி போகும் பாதை நீருக்குள் தெரியும். முதலில் பக்கவாட்டில் நின்றும், பிறகு விளக்குக்கு எதிரே நின்றும் பாருங்கள். நிறமும் பிரகாசமும் எப்படி வேறுபடுகின்றன, இன்னொரு துளி விட்டால் என்ன ஆகிறது என்று குறித்து வைத்து, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.