பூவையும் மலையையும் மறக்காதீர்கள்

டிஜிட்டல் கேமரா வாங்கும்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகா பிக்ஸல்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமானவை கேமராவில் உள்ள இரண்டு சிறிய அடையாளங்கள். ஒன்று பூ, மற்றொன்று மலை. பலர் கேமராவை ஆட்டோ மோடில் வைத்துவிட்டு இவற்றைத் தொடுவதே இல்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது, தாத்தா பாட்டியின் திருமணப் போட்டோவை என் கேமராவில் படம் எடுத்து வந்தேன். கேமராவின் சிறிய திரையில் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டு முகங்களும் மங்கல். மறுபடி ஊருக்குப் போவதற்குள் அந்தப் போட்டோவைக் கரையான் அரித்துவிட்டது.

தவறு கேமராவில் இல்லை. சாதாரண மோடில் பல சிறிய கேமராக்கள் அரை மீட்டருக்குள் இருக்கும் பொருளைச் சரியாக போகஸ் செய்யாது. பூ அடையாளம் உள்ள மேக்ரோ மோடில் சில சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஆனால் ஜூம் செய்தால் அவ்வளவு நெருங்க முடியாது. எனவே ஜூமைக் குறைத்து, பிளாஷை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, போகஸ் ஆன பின் முழுவதும் அழுத்துங்கள்.

மலை அடையாளம் தூரத்துக் காட்சிகளுக்கு. ரயில் ஜன்னல் வழியே எடுக்கும்போது ஆட்டோ மோட் சில சமயம் கண்ணாடியிலுள்ள தூசியை போகஸ் செய்துவிடும். மலை மோட் தூரத்தையே பார்க்கும். பெரும்பாலும் பிளாஷும் எரியாது. எரிந்தாலும் அதன் வெளிச்சம் சில மீட்டர் தூரம்தான் எட்டும். மாலை நேரத்தில் கை ஆடாமலிருக்க கேமராவைச் சுவர் மீது வைத்து, செல்ப் டைமரில் எடுங்கள்.

"சாப்ட்வேரில் சரி செய்துகொள்ளலாமே" என்பார்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தலாம். பதிவாகாத முகத்தை மீட்க முடியாது. இன்றைய ஏஐ சாப்ட்வேர்கள் மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும். ஆனால் அது ஊகித்து வரைந்த முகம், என் தாத்தாவின் முகம் அல்ல.

எனவே முக்கியமான படத்தை எடுத்தவுடன், அங்கேயே திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஆட்டோ மோடுக்குத் திரும்பிவிடுங்கள். இன்றே ஒரு செய்தித்தாளை மேக்ரோ மோடில் எடுத்துப் பழகுங்கள். பொடி எழுத்துகள் படிக்கும்படி இருந்தால், பழைய ஆல்பத்தை வெளியே எடுக்கலாம்.