பயணச்சீட்டுக்கு முன் மஹர்

 

தாமலில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவிலிருந்து தம் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தந்தையொருவர், மஃரிப் தொழுகைக்குப் பின் தயங்கியபடியே ஒரு சந்தேகம் கேட்டார். “ஹஜ்ரத், வர்ற மாசத்தோட எங்களுக்கு நிக்காஹ் ஆகி 20 வருஷம் ஆகுது. வீட்ல அவங்களை மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். கல்யாண நாள் கொண்டாடுறது கூடாதுன்னு சொல்றாங்களே, போகலாமா?”

இக்கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. முன்பெல்லாம் நம் ஆண்கள் பிழைப்புக்காகவே கடல் கடந்தனர். மனைவி ஊரில் காத்திருந்தாள். இன்று இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்க்கப் புறப்படுகின்றனர். 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களை 30 நாள்கள் வரை விசாவின்றி அனுமதிக்கத் தொடங்கியதும் இதற்கு ஒரு காரணம்.

முதலில் நாளைப் பற்றிப் பார்ப்போம். மதீனாவாசிகள் ஆண்டுதோறும் இரு நாள்களில் விளையாடிக் களித்து வந்தனர். அவற்றுக்குப் பகரமாக இரு பெருநாள்களை அல்லாஹ் வழங்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. இதனைக் கொண்டே ஆலிம்கள் பலர், ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து விழாவாக்குவதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். இது வழிபாடன்று, உலக வழக்கமே என்று கூறி அனுமதிப்போரும் உளர். திருமண நாளை மூன்றாவது பெருநாளாக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஆனால், மனைவியோடு பயணம் போவதே மேனாட்டு நாகரிகம் என முகம் சுளிப்போரை நாம் ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில், ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்குத் தம் முழங்காலையே படியாக வைத்தார்கள். இதைவிட அழகிய பயணத்துணை எங்குண்டு?

இவற்றைச் சொல்லிவிட்டு அவரிடம் நாம் ஒன்று கேட்டோம்: “மஹர் கொடுத்தாயிற்றா?”

அவர் மௌனமானார். மூன்று சவரன் எனத் தஃப்தரில் எழுதி, பின்னர் தருவதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். 20 ஆண்டுகளாக அந்தப் பேச்சே எழவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். பயணம் அன்பளிப்பு; மஹர் கடன். கடனை வைத்துக்கொண்டு அன்பளிப்புக் கொடுப்பது முறையன்று. பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுத்துவிடும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அது கொடுக்கப்பட்ட தொகை. ஏட்டில் எழுதி மறக்கப்பட்ட தொகையன்று.

“அவள் கேட்கவேயில்லையே” என்பார்கள். கேட்காமலிருப்பது விட்டுக்கொடுத்ததாகாது. “20 வருஷமாகச் சோறு போடவில்லையா?” என்பார்கள். அது நஃபகா, அக்கடமை வேறு, இக்கடன் வேறு. அவளே நிர்ப்பந்தமின்றி, மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது கணவனுக்கு ஆகும். கணவனின் ஜனாஸாவின் அருகில் அழுதுகொண்டிருப்பவளிடம், “மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா” எனச் சுற்றி நின்று கேட்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்நேரத்தில் ‘இல்லை’ என்று சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? உண்மையில், சொத்தைப் பங்கிடும் முன் அடைக்க வேண்டிய கடன்களில் மஹரும் ஒன்று.

மஹர் தங்கமாக எழுதப்பட்டிருந்தால் அந்த எடைத் தங்கமே கடன். அன்றைய விலையைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது. ரூபாயாக எழுதப்பட்டிருந்தால் அத்தொகை கடன். விலைவாசியை எண்ணி மனமுவந்து கூட்டிக் கொடுப்பது நற்பண்பு. மொத்தமாக முடியாதவர் மனைவியின் சம்மதத்தோடு தவணையாகக் கொடுக்கலாம்.

கதீஜா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்தது ஏறத்தாழ 25 ஆண்டுகள். அவர்கள் மறைந்த பின்னரும், ஆடு அறுக்கும்போதெல்லாம் அவர்களின் தோழியருக்கு ஒரு பங்கு அனுப்பி வைத்தார்கள். அந்த நினைவுக்குத் தேதி தேவைப்படவில்லை.

அந்தச் சகோதரர் அன்று பதில் கூறாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கமாக நடந்தார். இரு வாரங்கள் கழித்து வந்தார். பயணத்தைத் தள்ளிவைத்து, காஞ்சிபுரத்தில் ஒரு சவரன் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். மீதியைத் தவணையில் தருவதாகப் பேசியிருக்கிறாராம். “என் பேருக்கு இப்படி ஒண்ணு எழுதியிருந்ததே எனக்கு மறந்துபோச்சுங்க” என்றாராம் அந்த அம்மையார். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

அவர்கள் மலேசியா போகட்டும்; மகிழ்ந்து திரும்பட்டும். உங்களில் அவ்வாறு புறப்படுவோரும் பயணச்சீட்டு எடுக்கும் முன், வீட்டிலுள்ள நிக்காஹ் தஃப்தரின் நகலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! கடனின்றி அவனைச் சந்திக்கும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன்.