ஒழுகாத ஷாக்கும் ஒழிந்த ஷாக்தான்

போன ஞாயிற்றுக்கிழமை என் 2006 மாடல் மாருதி 800-ஐ போர்ட்டிகோவில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காம்பவுண்டு சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது. "ஆயில் ஒழுகுதா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு மாத்துறீங்க? அதெல்லாம் சொகுசுக்கு வைக்கிறது. பழைய வண்டிக்கு எதுக்கு சார் தெண்டச் செலவு?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் காருக்கு நாலு டயரும் புதுசாகப் போட்ட கதைக்குத் தாவினார். வருடம்கூட ஆகவில்லையாம், அதற்குள் டயர் 'ஊஊ' என்று சத்தம் போடுகிறதாம். டயர் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானாம்.

போய்ப் பார்த்தேன். முன் டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவினால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எலி கொறித்த தேங்காய்ப் பத்தை மாதிரி இருக்கிறது. கொறித்த எலி, ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகாத அவருடைய ஷாக்தான். தெண்டச் செலவு செய்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆயில் ஒழுகினால்தான் ஷாக் போச்சு என்று இந்த ஊருக்கு யார் பாடம் எடுத்தார்களோ தெரியவில்லை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் அமுங்குவதும் அதுதான். அமுங்கிய ஸ்பிரிங் எழும், மறுபடி அமுங்கும், விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக். குழாய் நிறைய ஆயில், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனில் பொடித் துளைகளும் வால்வுகளும். ஆயில் அந்தத் துளைகளில் முட்டி மோதிப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. வால்வு தேய்ந்தாலும், ஆயில் தன் பதத்தை இழந்தாலும், உள்ளிருக்கும் கேஸ் போனாலும் இந்த வேலை நடக்காது. இதில் எதற்கும் வெளியே ஒழுகிக் காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. ஒழுகினால் சந்தேகமே வேண்டாம், மாற்றலாம். ஒழுகாததை நல்லது என்று சொல்பவர், அந்த நாலு டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சொகுசாம்! ஷாக் செத்த வண்டியில் சக்கரம் மேடு பள்ளத்தில் தத்தித் தத்தித்தான் ஓடும். தரையை விட்டு எழும்பிய டயரில் பிரேக் பிடித்து என்ன பயன்? ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் என்ன பயன்? அதிலும் மாருதி 800-ன் முன்பக்கம் இருப்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940களில் வடிவமைத்த ஏற்பாடு. சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளே ஸ்ட்ரட்டின் அடியில்தான் போல்ட் போட்டு நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்புகிறது. இதைச் சொகுசு என்றால் முதுகெலும்பும் சொகுசுதான்.

அடுத்த உபதேசம்: "வீட்ல செய்ற வேலையா சார் இது?" ஆமாம், வீட்டில் செய்கிற வேலைதான். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முதல் நாள் இரவே துருப்பிடித்த நட்டில் டபிள்யூ.டி. 40 அடித்து ஊற விட்டு, ஆக்ஸிலுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்தால், மேலேயும் கீழேயும் கழற்றிப் பழசை உருவிவிடலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை மட்டும் வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் புஷ் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். லிஃப்டில் தொங்கவிட்டு ஏர் கன்னால் 'டர்ர்' என்று அடித்துத் தள்ளும் பட்டறையில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். முன் ஸ்ட்ரட்டில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு, மேலே நடுவில் இருக்கும் நட். அமுங்கிய ஸ்பிரிங் அதை நம்பித்தான் அடங்கியிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டாமல் அதைத் தொட்டால் உயிர் போகும். பயமாக இருந்தால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்கை மட்டும் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்றி வாங்கி வந்து வீட்டில் பூட்டுங்கள். அப்புறம் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். ராக்கெட் விடுகிற வேலையா இது?

ஷாக்குக்குக் காசில்லை என்கிறவர்கள் எதற்கெல்லாம் செலவழிக்கிறார்கள் பாருங்கள். சீட் கவர், சென்ட் பாட்டில், எலுமிச்சம்பழத்தை நசுக்கப் புது டயர். வண்டி தரை தட்டினால் ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டை. ரப்பர் வைத்தால் ஸ்பிரிங் விறைக்கும், விறைத்த ஸ்பிரிங் இன்னும் வேகமாக உதைக்கும், ஏற்கெனவே செத்த ஷாக்கால் அதை எப்படி அடக்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் அந்த ரப்பரும் இருக்கிறது. நாலு டயர், நாலு ரப்பர், மாற்றாத ஷாக்!

ஷாக்கைக் கொல்வது யார் என்று பார்த்தால் நம் தெரு வேகத்தடைதான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லேயே அளவு போட்டுக் கொடுத்தது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருவில் மிச்சமான கான்கிரீட்டைக் குவித்து, அம்மி அளவு அகலத்தில் ஒரு மதில் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அளவு பார்க்க ஒரு அதிகாரியும் வரவில்லை. ஆனால் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பழைய வண்டி என்றால் வசூலிக்க எல்லோரும் தயார், பராமரித்தால் மட்டும் பைத்தியக்காரன் பட்டம். இதே வாய்கள்தான், "வித்துட்டு இ.எம்.ஐ.ல புதுசு எடுங்க சார்" என்கின்றன. ஏழு வருடக் கடனைவிட ஒரு ஜோடி ஷாக் இவர்களுக்குத் தெண்டமாகத் தெரிகிறது!

மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் கிழடு என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். "ஒரு பக்கம்தானே போயிருக்கு, ஒண்ணு போட்டாப் போதும்" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். மழை நாளில் அந்த வண்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறுங்கள்.